வெள்ளி ரோமத்தின் காவல்காரி

இலையைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. மேலுதட்டில் வைத்து, மூக்கின் அடியில் இடமிருந்து வலமாக ஒருமுறை மெதுவாக இழுக்கிறார். கண்ணை மூடுகிறார். பிறகு "இது நம்ம ஆளு" என்கிறார். அல்லது "இதுக்கு அம்மா வேற" என்கிறார். குழாய்த் திருகுகளோடு பதினெட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் விரல்களின் தோல் காய்த்துவிட்டது. பஞ்சும் சாக்கும் அவற்றுக்கு ஒன்றாகிவிட்டன. "உதடு இன்னும் வேலைக்குப் போகல பாருங்க. அதான் அதுக்கு மட்டும் நாணயம் மிச்சமிருக்கு."

ஒதிலியா சியாச்சோக்கேவுக்கு வயது நாற்பத்து நான்கு. போயகா மலைநாட்டில் கெச்சுபா ஊர்த் தண்ணீர்ச் சங்கத்தின் குழாய்க்காரர். நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கும் ஒரு தேவாலயத்துக்கும் இவர் திறந்தால்தான் தண்ணீர். திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களிலும் விடியலில் புறப்பட்டு, உருளைக்கிழங்கு வயல்களைக் கடந்து, பாரமோ எனப்படும் குளிர்ந்த உச்சிப் புல்வெளிக்கு ஏறுகிறார். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் ஊற்று இருக்கிறது. சல்லடையில் சிக்கிய இலைகளை வாரி எறிந்து, தொட்டியின் அளவைப் பார்த்து, குளோரின் கலந்துவிட்டு இறங்குகிறார். கம்பளித் தொப்பிக்கு மேல் ஒரு கறுப்புத் தொப்பி, தோளில் பழுப்பு ருவானாப் போர்வை, காலில் முழங்கால்வரை ரப்பர்க் காலணி. ருவானாவுக்கு உள்ளே ஒரு துணி முடிச்சில் அவித்த உருளைக்கிழங்கும் மொச்சையும் சூடாக இருக்கும். குடுவையில் வெல்லத் தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் எவரும் எவரையும் ஒருமையில் அழைப்பதில்லை. தாய் தொட்டில் குழந்தையை 'நீங்க' என்பார். உழவர் எருதை 'நீங்க' என்பார். ஒதிலியா ஒரு படி மேலே போய், கோபம் ஏற ஏற மரியாதையையும் ஏற்றுவார். அவருடைய நாயின் பெயர் கர்னல். சல்லடை அருகே அது காலைத் தூக்கியபோது அவர் சொன்னதை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "ஐயா கர்னல் அவர்களே, தாங்கள் தயவுசெஞ்சு அந்தக் காலை இறக்கிடுங்க. நூத்துப் பதினெட்டு வீடு குடிக்கிற தண்ணி. இல்லன்னா அந்தக் காலைத் தங்களுக்கு ஞாபகார்த்தமா தனியாக் கொடுத்துடுவேன்."

இந்த வேலை முன்பு அவருடைய கணவருடையது. பாறையில் வழுக்கி விழுந்து அவருடைய முழங்கால் உடைந்தபோது, சங்கம் வேறோர் ஆணைத் தேடியது. ஒதிலியா எழுந்து தமக்குத் தரச் சொன்னார். பெண் கை பட்டால் ஊற்று வற்றும் என்று கூட்டத்தில் ஒருவர் எச்சரித்தார். "இதுவரைக்கும் ரெண்டு தடவை வத்திச்சே, அப்பல்லாம் யாரு கை பட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, கணவரின் திருகுச்சாவியை மேசையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். அதற்கு முறைப்படி வாக்கெடுப்பு நடந்ததாகச் சங்கப் பதிவேட்டில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அவரைப் பற்றி எழுத வேண்டிய காரணம் குழாய் அன்று, துறவிச்செடி. மூடுபனியில் தொலைவிலிருந்து பார்த்தால், அங்கி அணிந்த துறவியர் மலைச்சரிவில் நிற்பதுபோல் இருக்கும் என்பதால் எங்கள் முன்னோர் வைத்த பெயர் அது. நூலோர் எஸ்பெலெதியா என்பர். சூரியகாந்திக் குடும்பம். ஆள் உயரத்துக்கோ அதற்கு மேலோ ஒற்றைத் தண்டு. உச்சியில் கொத்தாக விரிந்த நீள இலைகள். காய்ந்த இலையை இது உதிர்ப்பதில்லை. அடுக்கடுக்காகத் தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கவிட்டு, இரவுப் பனியிலிருந்து தண்டைக் காத்துக்கொள்ளும். பச்சை இலையின் இரு பக்கமும் ரோமம், ஆட்டுக்குட்டியின் காதுபோல. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் நெஞ்சளவு நிற்கும் செடி உங்கள் பாட்டனாருக்கு மூத்தது.

பேரினம் ஒன்றே; ஆனால் மலைக்கு மலை முகம் மாறும். கெச்சுபாச் சரிவின் செடிக்கு வெள்ளி ரோமம், குறுகிய இலை, ஒரு பூத்தண்டில் மூன்றே மூன்று பெரிய பூத்தலைகள். மூன்றும் தரையைப் பார்த்துத் தொங்கும். மழை பூவுக்குள் இறங்காது. பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் தொவாசேச் சரிவின் செடிக்குப் பொன்மஞ்சள் ரோமம், அகன்ற இலை, தண்டுக்குப் பதினைந்து சிறு தலைகள். அத்தனையும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். இரு சரிவுகளுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஒன்பது கிலோமீட்டர். இந்தப் பேரினத்தின் விதைக்குப் பறக்க இறகு இல்லை. தாயின் காலடியில் விழும், அங்கேயே முளைக்கும். அதனால் ஒவ்வோர் உச்சியும் இவற்றுக்கு ஒரு தீவு. பனியூழிகளில் குளிர் கீழிறங்கியபோது தீவுகள் இணைந்து உறவுகள் சந்தித்தன; வெப்பம் திரும்பியபோது பிரிந்தன. இருபது முப்பது லட்சம் ஆண்டுகளாக இந்தச் சந்திப்பும் பிரிவும் நடந்துவருகின்றன. பரிணாமத்தின் கணக்கில் அது நேற்றைய கதை.

என் முதுகலை ஆய்வுக்காக இந்தச் சரிவில் அறுநூற்று நாற்பது செடிகளின் ரோம நீளம், இலை அகலம், பூத்தலை எண்ணிக்கை ஆகியவற்றை அளந்திருக்கிறேன். பட்டம் இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் ஒதிலியாவுக்கு நான் 'டாக்டரம்மா'. அதில் பாதி கேலி. அளவுகோலோடு நான் மண்டியிட்டிருக்கும்போது தாண்டிப் போனால், "இன்னிக்கு என் சித்தப்பா எத்தனை மில்லிமீட்டர் இருக்காரு?" என்று கேட்காமல் போகமாட்டார்.

செடிகளை அவர் வகைப்படுத்தும் முறை என் பாடநூல்களுடையது அன்று. தோற்றத்தில் ஒத்த இரண்டை நான் ஒரே தாளில் எழுதினால் உச்சுக்கொட்டுவார். "முகத்தைப் பாக்காதீங்க டாக்டரம்மா, முகவரியைப் பாருங்க. ஒரே மலையில இருக்கறதுங்க முகம் மாறினாலும் பங்காளிங்க. தூரத்துல இருக்கறது அச்சு அசல் அதே மாதிரி இருந்தாலும் அசலார்தான்." இந்தப் பேரினத்தின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் பெரும் செலவில் கண்டதும் ஏறத்தாழ இதுவே: ஒத்த தோற்றத்தைவிட ஒத்த மலையே உறவைச் சொல்கிறது. மிக அருகருகே உள்ள மலைகளைப் பிரிப்பதுதான் அவர்களுக்கும் இன்னும் கைகூடவில்லை. அவர் சொல்வதெல்லாம் சரி என்று எழுதினால் அது பொய்ப் பதிவாகும். வண்டுத்தேனீ தன் மலைப் பூவைத் தவிர வேறு பூவில் உட்காராது என்பார். உட்காரும், நானே பார்த்தேன். ரோமம் மூடுபனியைக் குடித்து ஊற்றுக்கு அனுப்புகிறது என்பார். ரோமத்தின் தலையாய வேலை இலையைக் குளிரிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பதே என்று கருதுவோரும் உண்டு என்றேன். "சரி, நீங்க சண்டை போட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் குழாயில தண்ணி வந்துகிட்டிருக்கும்."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரி வறட்சியில் ஊற்றுக்கு மேலுள்ள பதினொரு எக்டேர் எரிந்தது. வயல் கொளுத்திய நெருப்பு காற்றோடு ஏறிவிட்டது. காய்ந்த இலைப் பாவாடை, பனிக்குக் கவசம், நெருப்புக்குத் தீவட்டி. ஆயிரக்கணக்கில் நின்றவற்றில் நாற்பத்தொன்று மிஞ்சின. மறு மாதமே ஊற்றில் சேறு இறங்கத் தொடங்கியது. ஒதிலியா உயிர்தப்பியவற்றிடமிருந்தும் ஊற்றோரத்துச் செடிகளிடமிருந்தும் விதை சேர்த்துத் தயிர்க் குவளைகளில் விதைத்தார். தேவாலயத்தில் ஞாயிறு தோறும் காலிக் குவளை கேட்டு நின்றதால், பாதிரியார் அறிவிப்புகளின் இறுதியில் 'ஒதிலியாவின் குவளை' என்று தனியாக ஓர் அறிவிப்பே சேர்த்துக்கொண்டார். ஆயிரத்து நூறு குவளைகளில் விதைத்து முளைத்தவை முன்னூற்றுப் பன்னிரண்டு. இரண்டு ஆண்டு முடிவில் மிக உயரமான நாற்று என் கட்டைவிரல் அளவு இருந்தது. ஊர் சிரித்தது. "இந்த வேகத்துல போனா இயேசு ரெண்டாந்தரம் வந்து பாத்துட்டு, 'நான் அப்புறம் வரேன்'னு போயிருவாரு," என்றார் சங்கத் தலைவர் க்ளிமாக்கோ கூஸ்பா. ஒதிலியாவின் இரண்டாம் மகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஆகவே அவ்வளவு உரிமை.

எனவே ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வியாழனன்று, காலை பத்து நாற்பதுக்கு, நாலாயிரம் துறவிச்செடி நாற்றுகளோடு ஒரு லாரி மலைப்பாதையில் ஏறி வந்தபோது, ஊரே நற்செய்தி கேட்டதுபோல் பின்னால் நடந்து வந்தது. எரிந்த சரிவைப் பசுமையாக்கும் ஒப்பந்தம். நாற்றுகளை ஏற்றதாகச் சங்கத் தலைவரும் குழாய்க்காரரும் ஒப்பமிட்டால் அன்றே நடவு தொடங்கும். அதோடு ஒரு மணல் வடிகட்டித் தொட்டியும் இலவசம். இரண்டு ஆண்டுகளாகச் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடித்த நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கு அந்தத் தொட்டி எப்படிப்பட்ட செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. நீர்ப்பிடிப்பு நிலத்தின் வாயிலில் ஒரு சங்கிலி. அதன் சாவி ஒதிலியாவின் கழுத்தில் மாதா பதக்கத்தோடு சேர்ந்து தொங்குவது. அவர் சங்கிலியின் உட்புறம் நின்றார். கர்னலும் உட்புறமே நின்றார்.

"திறங்க ஒதிலியா. மழை வந்துரும்," என்றார் க்ளிமாக்கோ.

"செடி எந்த ஊரு?"

லாரியின் முன்னிருக்கையிலிருந்து இறங்கிய ஒப்பந்தப் பொறியாளர் ஃபாபியான் லெகிசமோன் இளைஞர், நல்ல மனிதர், காலணி மட்டும் மிகச் சுத்தமாக இருந்தது. சிரித்தார். "செடிக்கு ஏதுங்க ஊரு?"

"உங்களுக்கு இருக்கில்ல? அதுக்கும் இருக்கும்." ஒதிலியா சங்கிலியைத் தாண்டி லாரியின் பின்புறம் போய் ஒரு தட்டிலிருந்து ஓர் இலையை வளைத்து உதட்டில் இழுத்தார். கண்ணைத் திறந்தபோது அவருடைய முகம் ஒரு கணம் குழந்தை முகம்போல இருந்தது. அவ்வளவே, உடனே மாறிவிட்டது. "தொவாசே. நான் பொறந்த மலை. இதை இங்க நட விடமாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. பொறியாளர் பொறுமையாகவே விளக்கினார். "அம்மா, ரெண்டும் ஒரே பேரினம். ரெண்டு மலைச் செடியோட மரபணுவையும் எடுத்துப் பாத்திருக்காங்க. அதை வச்சுப் பிரிக்கவே முடியலையாம். உங்க ஊரு ஆய்வாளரே இங்க நிக்கறாங்களே, கேளுங்க."

எல்லாரும் திரும்பினர். "உண்மைதான்," என்றேன். உண்மையாக இருந்ததால் வேறு வழி இல்லை.

ஒதிலியா என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியதைத்தான் நான் எடுத்துக் கொடுத்ததுபோல் தலையாட்டினார். "பிரிக்க முடியலன்னா, இன்னும் பிரிஞ்சு முடியலன்னு அர்த்தம். இப்பத்தான் நடந்துகிட்டிருக்கு. பிரசவ அறைக்குள்ள பாதியில பூந்து 'பிள்ளை எங்க, பிள்ளை எங்க, காணோமே'ன்னு கேட்டா எப்படிங்க? கதவைச் சாத்துங்க. வெளிய நில்லுங்க. நம்ம வேலை அவ்வளவுதான்."

"அது முடிய எத்தனை நாள் ஆகும்?" என்றார் பொறியாளர்.

"பத்து லட்சம் வருஷம் ஆகட்டுமே. உங்களுக்கு என்ன அவசரம்?"

சிலர் சிரித்தனர். சிரிக்காதவர் ப்ளாங்கா நியெவெஸ். அவர் வீட்டுக் கைக்குழந்தைக்கு அந்த மாதம் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். "நீங்களே தொவாசேக்காரிதானே, ஒதிலியா அக்கா? உங்க பிள்ளைங்க நாலும் கலப்புதானே? அதுங்களையும் லாரியில ஏத்தித் திருப்பி அனுப்பப் போறீங்களா?"

அந்தக் கேள்வியின் கூர்மை எல்லாருக்கும் பட்டது. ஒதிலியா பதில் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது, மரியாதை ஏறியிருந்தது.

"ப்ளாங்கா அம்மா, என் பிள்ளைங்களுக்குக் கால் இருக்கு, வாய் இருக்கு. பிடிக்கலன்னா பொகோதா பட்டணத்துக்குப் பஸ் ஏறும். ரெண்டு ஏறிடுச்சு. கல்யாணம் வேணுமா வேணாமான்னு அதுங்களே சொல்லும். இதுக்கு விதையில ஒரு இறகுகூட இல்ல. விழுந்த எடம்தான் உலகம். மூடுபனியில யாரு பக்கத்துல நிக்கறாங்களோ அவங்கதான் மாப்பிள்ளை. நாப்பத்தொரு கெச்சுபா செடிக்கு நடுவுல நாலாயிரம் தொவாசே செடியை உக்கார வச்சா, தேனீ எங்க போகும்? நம்ம நாப்பத்தொண்ணு நகர்ந்து உக்காருமா? உங்க பேரன் காலத்துல இந்த மூஞ்சியில ஒண்ணு இந்த மலையில மிஞ்சாது. வேற எந்த மலையிலயும் இல்லாத மூஞ்சி இது."

"மூஞ்சியைக் கட்டிக்கிட்டு நாங்க சேத்துத் தண்ணி குடிக்கணுமா?" என்றார் ப்ளாங்கா.

ஒதிலியா கழுத்துச் சாவியை ஒரு கையால் பற்றிக்கொண்டார்.

அப்போதுதான் பொறியாளர், சற்றே தயங்கி, தம்மிடம் இருந்த கடைசிச் சீட்டைப் போட்டார். "முந்தாநேத்து சங்கிலியைத் தாண்டி, அளவெடுக்க ஊத்துப் பக்கம் போனேன். அங்க பத்தொன்பது மஞ்சள் செடி நிக்குது. தொவாசே செடி. ஒரே வரிசையா, சம இடைவெளி விட்டு. எல்லாம் பூத்திருக்கு. அது மட்டும் இறகு முளைச்சுப் பறந்து வந்துச்சா அம்மா?"

க்ளிமாக்கோ ஒதிலியாவைப் பார்த்தார். ஊற்றுக்கு ஏறுபவர் ஊரில் அநேகமாக ஒதிலியா ஒருவரே. அவருடைய கணவரையும் என்னையும் தவிர வேறு யாரும் அந்த வரிசையை அறிந்திருக்கவில்லை.

"நான்தான் வச்சேன்," என்றார் ஒதிலியா.

தொவாசேயிலிருந்து மணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய் ஒரு செடி கொடுத்தனுப்புவது வழக்கம். புது வீட்டில் அது பிடித்துக்கொண்டால் பெண்ணும் பிடித்துக்கொள்வாள் என்பர். பெரும்பாலும் ஜெரேனியப் பூச்செடி. "அம்மா கொடுத்த ஜெரேனியம் இங்க முதல் பனியிலயே கருகிப்போச்சு. மாமியார் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, சொல்லியிருந்தாக்கூட பரவால்ல. அடுத்த தடவை தொவாசே போனப்போ, இந்தப் பனி எதைக் கொல்லாதுன்னு பாத்து, குட்டிச் செடியா தோண்டி மூட்டை கட்டிட்டு வந்தேன். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாம ஊத்தோரம் வச்சேன். அப்ப எனக்கு வயசு இருபத்திரெண்டு. பதினஞ்சு வருஷம் பூக்கவே இல்ல. பூத்தப்போ சந்தோஷப்பட்டேன், மாதா மேல ஆணையா." என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, உங்க நோட்டைத் திறங்க. முன்னூத்துப் பன்னெண்டைப் படிங்க."

அது அவரும் நானும் மட்டுமே அறிந்த பக்கம். பிப்ரவரியில் அவருடைய தயிர்க் குவளைகள் ஒவ்வொன்றையும் அளந்தபோது எழுதியது. நான் தயங்கினேன்.

"படிங்கம்மா. எழுதினதைப் படிக்க என்ன கூச்சம்?"

படித்தேன். நாற்றுகள் முன்னூற்றுப் பன்னிரண்டு. வெள்ளி ரோமம், குறுகிய இலை: இருநூற்று அறுபத்தைந்து. இடைப்பட்ட நிறம், இடைப்பட்ட அகலம்: நாற்பத்தேழு. அந்த நாற்பத்தேழின் விதைகள் அனைத்தும் ஊற்றிலிருந்து இருநூறு மீட்டருக்குள் சேகரித்தவை.

"கேட்டீங்களா?" ஒதிலியா கூட்டத்தை நோக்கினார். "பத்தொன்பது செடி. பூக்கத் தொடங்கி ஏழே வருஷம். நாப்பத்தேழு குவளை கலந்துபோச்சு. என் கையால, என் குவளையில. ஐயா பொறியாளர் அவர்களே, நான் பண்ணின தப்பை அளந்து வச்சிருக்கேன். தாங்கள் அதையே இருநூறு மடங்கு, அளக்காமப் பண்ணப் போறீங்க. அதுக்கு என் கையெழுத்து வேற கேக்கறீங்க."

"அப்படின்னா," பொறியாளரின் முகம் சிவந்திருந்தது, "முதல்ல அந்தப் பத்தொன்பதை வெட்டிட்டு வந்து எங்ககிட்டப் பேசுங்க."

கெச்சுபாவில் துறவிச்செடியை வெட்டுவது என்பது சொல்லக்கூடிய வாக்கியமே அன்று. வேலிக்கம்புக்காக ஒன்றை வெட்டிய ஒருவருக்கு, திருப்பலியில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் வேளையில், ஓராண்டுக் காலம் ஒருவரும் கை நீட்டவில்லை. பொறியாளருக்கு அது தெரிந்திருக்காது. ஒதிலியா ருவானாவைத் தோளுக்கு மேல் மடித்துப் போட்டார். இடுப்பு உறையிலிருந்து வெட்டுக்கத்தியை உருவினார். பிடியை க்ளிமாக்கோவிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொறியாளரிடம் நீட்டினார். அவர் தரையைப் பார்த்தார்.

"சரி, வாங்க. சாட்சிக்காவது வாங்க."

ஊற்றுக்கு நாற்பது நிமிட ஏற்றம். இருபத்தாறு பேர் போனோம். தூறல் தொடங்கியிருந்தது. பத்தொன்பதும் கறுத்த மண்ணில் நேர்கோட்டில் நின்றன. தண்டு முழங்காலளவு, பொன்மஞ்சள் இலைக்கொத்து, நிமிர்ந்த பூத்தண்டுகளில் நீர்த்துளிகள். எங்கள் வெள்ளிச் செடிகளுக்கு நடுவே அவை ஏதோ விழாவுக்கு வந்தவைபோல் தெரிந்தன. அழகானவை, மறைக்க என்ன இருக்கிறது?

ஒதிலியா முதலில் பூத்தண்டுகளை அறுத்துச் சாக்கில் திணித்தார், ஒரு விதையும் மண்ணில் சிந்தாதபடி. பிறகு காய்ந்த இலைப் பாவாடையை இடக்கையால் ஒதுக்கித் தண்டை வெட்டினார். உள்ளே வெண்சோறு, பிசின் கசிந்து கற்பூரத்தைலம் போன்ற மணம் ஈரக்காற்றில் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வெட்டு. ஐந்தாவது விழுந்தபோது க்ளிமாக்கோ தொப்பியைக் கழற்றினார். மற்ற ஆண்களும் ஒவ்வொருவராகக் கழற்றினர்.

"தொப்பியைப் போடுங்க. மழை பெய்யுது," என்றார் ஒதிலியா, நிமிராமலே.

பதினெட்டாவது முடிந்ததும் க்ளிமாக்கோ மெல்ல அருகே போனார். "ஒண்ணையாவது விடுங்க ஒதிலியா. ஒரு ஞாபகத்துக்கு. யாரு கேக்கப் போறா?"

"தேனீ கேக்காது அண்ணே. அதான் பிரச்சினை." பத்தொன்பதாவதும் விழுந்தது.

இறங்கத் தொடங்கினோம். ப்ளாங்கா மட்டும் ஒதிலியாவின் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சமாதானமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. சாக்கு கனம், பாதை வழுக்கல். சங்கிலி அருகே வந்ததும் அவரே சொன்னார்: "தொட்டி போச்சு. அது ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கும். நாளையிலேருந்து வாரம் ஏழு நாளும் ஏறுறேன். சேறு சல்லடையைத் தாண்டி வந்தா என் வீட்டுக் கதவைத் தட்டுங்க. பாதி ராத்திரியா இருந்தாலும் தட்டுங்க."

க்ளிமாக்கோ ஏற்புத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பொறியாளர் எதையும் வற்புறுத்தவில்லை. காலணி இப்போது எங்களுடையதைப் போலவே இருந்தது. ஒதிலியா அவருடைய கைப்பேசியை வாங்கி ஓர் எண்ணைத் தட்டிக் கொடுத்தார். "என் அண்ணன். தொவாசேயில போன வருஷம் எரிஞ்ச சரிவு அவரு நிலத்துக்கு மேலதான் இருக்கு. இந்த நாலாயிரமும் அங்க போகணும். அதோட வீடு அது. இன்னிக்கே போனீங்கன்னா நாளைக்கு நட்டுடலாம். போனதும் தண்ணி தெளிக்கச் சொல்லுங்க, வாடிக்கிட்டிருக்கு."

அந்த இடத்தில் லாரி திரும்ப அகலம் இல்லை. அரைக் கிலோமீட்டர் பின்னோக்கியே இறங்க வேண்டும்; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தயங்கினார். ஒதிலியா மழையில் லாரியின் பின்னால் போய் நின்று இரு கைகளையும் உயர்த்தினார். "வாங்க... வாங்க... இடப்பக்கம் ஒடிங்க... இன்னும் வாங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்... வாங்க..." அவர் பின்னோக்கி நடக்க, அவர் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தொலைவில், நாலாயிரம் பொன்மஞ்சள் நாற்றுகள் குலுங்கிக்கொண்டே வந்தன. கடைசி வளைவில் ஒரு தட்டு நழுவிப் பின்கதவுக்கு மேல் துருத்தியது. "நில்லுங்க!" என்றார். வண்டி நின்றது. தட்டை இரு கைகளாலும் உள்ளே தள்ளி, சாய்ந்த ஒரு நாற்றை மட்டும் நிமிர்த்தி, அதன் அடிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். பிறகு லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்: போகலாம்.